நாலில் இரண்டு

முள்ளியவளைச் சந்திக்கு மூன்று கடை தள்ளி
சிவகடாட்சத்தாரின் வீடியோ ஸ்ரூடியோ.
கிரவல் தூசு என் ஹெல்மெட்டுக்குள்ளே,
பைக்குள்ளே நாலு டிஸ்க்.
ஒன்று வவுனியாவில் வாங்கியது,
ஒன்று யாழ்ப்பாணத்தில்,
மற்ற இரண்டும் கொழும்பிலிருந்து
வேறு வேறு கிழமை, வேறு வேறு பஸ்ஸில்.

"ஒரு கடையில ஒண்டா எடுத்திருந்தா
கழிவு தந்திருப்பாங்களே, தங்கச்சி?"

ஒரே பெட்டியில் வந்ததுகள்
ஒரே கிழமையில் சாகும் அண்ணை, என்றேன்.
அதற்குப் பிறகு அவர் விலை கதைக்கவில்லை.

அவருக்கு வேண்டியது வேகம்.
ஆவணியில் பதினொரு கலியாணம்,
இரண்டு சாமத்தியம், ஒரு கடைத் திறப்பு.
நாலையும் ஒரே வாய்க்காலாக வெட்டினால்
மடை திறந்த மாதிரிப் படம் பாயும் என்று
யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

பாயும்தான்.
நாலில் ஒன்று கண்ணை மூடினால்
மாப்பிள்ளையின் மூக்கு ஒன்றில்,
தாலி இன்னொன்றில்,
மேளம் அரைவாசி.
பொறுக்கிக் கோர்க்க ஒருவராலும் ஏலாது.

சரி, மூன்றில் படம், ஒன்றில் கணக்கு
என்று போட்டுக் காட்டினேன்.
"நாலுக்குக் காசு குடுத்தனான்,
மூண்டுதான் காட்டுது. மற்றது எங்க?"

பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதினேன்:
ஒரு நெல் மூட்டை இருபத்தேழு கிலோ,
அடுத்தது முப்பத்தொன்று,
மூன்றாவதன் நிறையில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டுவிட்டது.
கடைசியில் மொத்தம் எண்பத்தாறு.
இப்போது சொல்லுங்கோ.

"இருபத்தெட்டு."
சொல்லிவிட்டு டிஸ்க்கைப் பார்த்தார்,
அது தன் வாயால் சொன்ன மாதிரி.
(உள்ளே நடப்பது கூட்டல் இல்லை,
ஒற்றை இரட்டை பார்க்கிற வேலை.
அதை இன்னொரு நாளைக்கு விட்டேன்.)

"அப்ப ரெண்டு போனா?"
ரெண்டு போறது அருமை அண்ணை.

அவர் முன்கதவுக்குப் போய்
ஒரு வாடிக்கையாளருக்குப் பாஸ்போர்ட் படம் வெட்டிக் கொடுத்து
மிச்சக் காசு எண்ணிக் கொடுத்து
திரும்பி வந்து இருந்தார்.

"ரெண்டு போகும்.
ரெண்டு போனாலும் நிக்கிற மாதிரிப் போடும்."

இடம் பாதியாகும் என்றேன்.
எழுதும் வேகம் குறையும் என்றேன்.
"போடும்."

நான் போட்டேன்.
நூற்றுக்கு மூன்று, நூற்றுக்கு ஒன்பது
என்று பெட்டி நடக்கத் தொடங்கியது,
நெல் காயப்போட்ட றோட்டில் லொறி போகிற மாதிரி.
நாற்பத்தொன்றில் கரண்ட் போனது.
ட்ரான்ஸ்ஃபோமரில் மயில் இருந்ததாம்.
யூபிஎஸ் பதினொரு நிமிடம் தம் பிடித்தது,
அதற்குள் பெட்டியை முறைப்படி நிற்பாட்டினேன்.
பின்னேரம் நாலரைக்கு வெளிச்சம் வந்தபோது
அது நாற்பத்தொன்றிலிருந்தே எழுந்து நடந்தது.
எனக்கே கொஞ்சம் பெருமை.

மறுநாள் காலை
ஒரு கலியாணத்தை ஓடவிட்டு
ஒரு டிஸ்க்கை இழுத்தெடுத்தேன்.
பெட்டி கத்தியது. றோட்டில் ஒரு நாய் பதில் சொன்னது.
பொம்பிளை மாலையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.
இரண்டாவதையும் இழுத்தேன்.
சிவகடாட்சத்தார் மேசை விளிம்பைப் பிடித்தார்.
மாலை கழுத்தில் விழுந்தது.
ஒரு பூக்கூடத் தவறவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.
இது சாவுக்குத்தான் மருந்து, மனம் மாறினதுக்கு இல்லை.
அழி என்று நீங்களே சொன்னால்
நாலும் சேர்ந்து, மரியாதையாக, அழிக்கும்.
அவருக்குப் போன வருடம் ஞாபகம் வந்தது:
ஒரு பிள்ளை வந்து தன் கலியாணத்தை அழிக்கச் சொன்னாள்,
மூன்றாம் நாள் திரும்பி வந்து கேட்டாள்.

அதனால் ஐந்தாவது டிஸ்க், இந்தக் கட்டடத்துக்கு வெளியே.
பிஸ்கட் ரின்னில் வைத்து மூடினார்.
மாங்குளத்தில் மச்சாள் வீட்டுக்குப் போகுமாம்,
மாதம் ஒருக்கா வந்து போகுமாம்.

பில் எழுதினேன்.
ஒரு தொகையைப் பெருவிரலால் மறைத்து
உதடு அசையக் கழித்துப் பார்த்தார்.
விரலை எடுத்தார்.
"சரியாத்தான் வருது" என்றார்.

ஐந்நூறு குறைத்துத்தான் தந்தார்.